ஒரு நூல் இரண்டாகத் தெரிந்தால்: பிரிசம் கண்ணாடிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னிமலையில் கைத்தறி போட்டிருக்கும் அக்கா ஒருவர் கண்ணாடிக்கு அளவெடுக்கும் என்னிடம் கண் பார்க்க வந்தார். வயது 47. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஒரு நூல் அறுந்தால் இரண்டு அறுந்ததுபோல் தெரிகிறது, முடிச்சுப் போடக் கையை நீட்டினால் விரல் பக்கத்து நூலில் போய்ப் படுகிறது என்றார். காலையில் ஒன்றும் இல்லை, பொழுது சாயச் சாயத்தான் இந்தத் தொல்லை. இடது கண்ணை இடுக்கிக்கொண்டால் நூல் ஒன்றாகிவிடுமாம். அப்படியே இடுக்கிக்கொண்டு ஆறு மாதம் நெய்திருக்கிறார். அதற்குள் மூன்று கண்ணாடி மாற்றியாகிவிட்டது. மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். சோதித்துப் பார்த்தேன், மூன்றிலும் பவர் சரியாகவே இருந்தது.

தனித்தனியே பார்த்தால் அவருடைய இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேருவதில்தான் குறை. நுகத்தில் பூட்டிய காளைகள் இரண்டும் நல்ல காளைகளாக இருந்து, ஒன்று மட்டும் சற்று வெளியே இழுத்தால் ஏர் எப்படிப் போகும்? ஒரு கண்ணுக்கு ஆறு தசை, இரண்டுக்கும் பன்னிரண்டு. அவற்றை மூன்று ஜோடி நரம்புகள் ஓட்டுகின்றன: மூளையிலிருந்து வரும் நரம்பு வரிசையில் மூன்றாவது, நான்காவது, ஆறாவது. எங்கே இழுப்புக் குறைந்தாலும் மூளைக்கு இரண்டு படம் போகிறது. பலருக்கு அது இரட்டைப் பார்வையாகக்கூடத் தெரியாது. தலைவலி, எழுத்து நகர்வது, படித்த வரியையே திரும்பப் படிப்பது, பஸ்ஸில் குமட்டல் என்று வேறு பெயர்களில் வரும்.

இதற்குத் தரும் கண்ணாடிகளில் ஒன்றுதான் பிரிசம். பள்ளிப் பாடத்தில் முப்பட்டகம் என்று படித்தோமே, அதேதான். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு, ஆப்புச் சீவியதுபோல. அதன் வழியே போகும் ஒளி தடித்த பக்கம் வளையும். ஆகவே எதிரே இருக்கும் பொருள் மெலிந்த பக்கம் நகர்ந்ததுபோல் தோன்றும். அளவின் பெயர் பிரிசம் டயாப்டர். 1 என்றால், ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் நகர்த்துவது. பிரிசம் கண்ணை நேராக்குவதில்லை. கண் எங்கே திரும்பி நிற்கிறதோ அங்கே படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது, அவ்வளவே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “இதைப் போட்டால் மாறுகண் போய்விடுமா” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

முதல் படி: ஒற்றைக் கண்ணை மூடிப் பாருங்கள்

வீட்டிலேயே செய்யலாம், காசு செலவில்லை. இரண்டாகத் தெரியும்போது வலது கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். பிறகு இடது கண்ணை. எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால் குறை இரண்டு கண்ணின் கூட்டில் இருக்கிறது, பிரிசத்துக்கு அங்கே வேலை உண்டு. ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்போதும் நிழல் விழுந்ததுபோல் இரண்டாகத் தெரிந்தால் அது அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கும் சங்கதி: கண்புரை, கண் உலர்வு, சரி செய்யாத சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லாத குறை), கருவிழி கூம்புவது என்று ஏதாவது ஒன்று. அதற்கு எத்தனை பிரிசம் வைத்தாலும் பயன் இல்லை.

கூட்டில்தான் குறை என்று தெரிந்தால், மருத்துவரிடம் போகுமுன் ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பார்க்கும்போதா, தூரத்திலா? இரண்டு படமும் பக்கவாட்டில் பிரிகின்றனவா, மேலும் கீழுமாகவா? எந்தத் திசையில் பார்த்தால் அதிகம்? எந்தப் பொழுதில் அதிகம்? இந்த நான்கும் பாதி நோயைச் சொல்லிவிடும். தூரத்தில், அதுவும் ஒரு பக்கம் திரும்பினால் அதிகம் என்றால் ஆறாவது நரம்பின்மேல் சந்தேகம் போகும். சென்னிமலைக் கோயில் படியில் ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது மட்டும் ஒரு படிக்கு மேல் இன்னொரு படி தெரிகிறது என்றால் நான்காவது நரம்பு. காலையில் சரியாக இருந்து மாலையில் இமையும் சேர்ந்து தொங்கினால் மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோயைத் தேட வேண்டும். நாளுக்கு ஓர் அளவு காட்டும் அந்த நோய்க்குப் பிரிசம் அளந்து கொடுத்தால், கண்ணாடி வந்து சேருமுன் அளவு மாறியிருக்கும்.

பழைய போட்டோக்களையும் எடுத்துப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாண ஆல்பத்தில், பள்ளிக்கூடக் குழுப்படத்தில், காதுகுத்துப் படத்தில் எல்லாம் தலை ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்த நான்காவது நரம்புக் குறை பிறவியிலிருந்தே உள்ளது, இவ்வளவு நாள் தலையைச் சாய்த்துச் சமாளித்திருக்கிறார்கள் என்று பொருள். தேவையில்லாத ஸ்கேன் செலவைக்கூட ஒரு போட்டோ மிச்சப்படுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது படி: கண்ணாடிக் கடைக்குப் போகக் கூடாத நேரம்

இதில் பேச்சுக்கு இடமில்லை. திடீரென்று இரட்டைப் பார்வை வந்து, கூடவே இமை தொங்குதல், ஒரு கண்மணி மட்டும் விரிந்திருத்தல், இதுவரை கண்டிராத தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 50 வயதைத் தாண்டியவருக்குப் பொட்டில் வலியும் மெல்லும்போது தாடை வலியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். குழந்தைக்குப் புதிதாக மாறுகண் விழுந்தால் “மாறுகண் அதிர்ஷ்டம்” என்று சொல்லும் பாட்டிகளை வணங்கிவிட்டு, பிள்ளையைக் கண் மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். கோவையில் அவிநாசி சாலை அரவிந்த், சத்தி சாலை சங்கரா போன்ற கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. மாறுகண்ணைத் தனியாகப் பார்க்கும் மருத்துவர் வேண்டும் என்று கேட்டுப் போங்கள்.

மூன்றாவது படி: முதலில் பவர், அதற்கும் முன்னால் பி.டி.

பிரிசம் வேண்டும் என்று அனுப்பப்பட்டு வருகிறவர்களில் ஒரு பகுதிப் பேருக்கு நல்ல சாதாரணக் கண்ணாடியே போதும். குழந்தைகளில் ஒரு வகை மாறுகண் பிளஸ் பவரை முழுதாகக் கொடுத்தாலே நேராகிவிடும். சொட்டு மருந்து விட்டு அளந்தால்தான் அந்தப் பவர் வெளியே வரும். பெரியவர்களுக்குச் சிலிண்டர் பவர் சரியானதும் மூளை இரண்டு படத்தையும் தானே சேர்த்துக்கொள்வதுண்டு.

அதற்கும் முன்னால் சரிபார்க்க வேண்டியது பி.டி., அதாவது ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை உள்ள தூரம். பவர் லென்ஸின் நடு மையம் கண்மணிக்கு நேரே உட்கார வேண்டும். தவறினால் அந்த லென்ஸே பிரிசமாகிவிடும். கணக்கு எளிது: மையம் எத்தனை சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறதோ அதைப் பவரால் பெருக்குங்கள். மைனஸ் 6 போடும் ஒருவருக்குப் பி.டி. 60 மில்லிமீட்டர், கடைக்காரர் 66 வைத்துவிட்டார் என்று கொள்வோம். மொத்தம் 0.6 சென்டிமீட்டர் பிழை. ஆறால் பெருக்கினால் 3.6. யாரும் எழுதிக் கொடுக்காமலே அந்த ஆள் 3.6 பிரிசம் போட்டுக்கொண்டு தலைவலியோடு திரிகிறார். கல்லூரி மாணவி ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. தலைக்கு ஸ்கேன் எடுத்து, மூக்கடைப்புக்கு மருந்து சாப்பிட்டு, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கருவியில் வைத்தபோது பிழை தெரிந்தது. ஆகவே பழைய கண்ணாடிகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

நான்காவது படி: அளவெடுக்கும் அறையில்

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பதற்றம் இருக்காது. தூரத்து எழுத்து ஒன்றைப் பார்க்கச் சொல்லி, கரண்டி போன்ற ஒரு மூடியை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்குமாக மாற்றி மாற்றி வைப்பார்கள். மூடியை எடுத்ததும் கண் வெளியிலிருந்து உள்ளே வந்து நின்றால், மூடிக்குள் அது வெளியே போயிருந்தது என்று அர்த்தம். அந்த அசைவு நிற்கும்வரை பிரிசங்களை வரிசையாக அடுக்கிய சட்டம் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் அளவு ஏற்றிக்கொண்டே போவார்கள். எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் விலகலின் அளவு. தூரத்துக்கு ஆறு மீட்டர், பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர், இரண்டிலும் அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அளந்துவிட்டு எழுதினால் நீங்களே கேளுங்கள்.

மேடக்ஸ் ராட் என்பது சிவப்பு நிறத்தில் கோடு கோடாக வார்த்த ஒரு கண்ணாடி. ஒரு கண்ணில் அதை வைத்து டார்ச் வெளிச்சத்தைக் காட்டினால், அந்தக் கண்ணுக்குச் சிவப்புக் கோடு தெரியும், மற்றதற்கு வெள்ளைப் புள்ளி. கோடு புள்ளியின்மேல் விழுகிறதா, தள்ளி நிற்கிறதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். இங்கே மரியாதைக்காகப் பொய் சொல்லாதீர்கள். “நீங்கள் சொன்னால் சரிதானுங்க” என்று தலையாட்டுகிறவர்களிடம்தான் நான் அதிகம் தோற்றிருக்கிறேன்.

சிவப்பு, பச்சைக் கண்ணாடி போட்டு நான்கு விளக்கு காட்டும் சோதனை ஒன்று உண்டு. நான்கு தெரிந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஐந்து என்றால் இரட்டைப் பார்வை. இரண்டோ மூன்றோ மட்டும் தெரிந்தால் மூளை ஒரு கண்ணை அணைத்துவைத்திருக்கிறது. சிறு வயது முதல் மாறுகண் உள்ள பலருக்கு இப்படித்தான். அவர்களுக்கு இரண்டாகத் தெரியவே தெரியாது, பிரிசத்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

கடைசியாகச் சேமிப்பு. விலகலைச் சமாளிக்கக் கண்ணிடம் எவ்வளவு இழுப்புத் தெம்பு மீதி இருக்கிறது என்பதை, படம் மங்கவோ பிரியவோ தொடங்கும்வரை எதிர்த்திசைப் பிரிசம் ஏற்றி அளப்பார்கள். பக்கவாட்டில் இந்தத் தெம்பு நிறையவே உண்டு. மேல் கீழாக இரண்டு, மூன்று டயாப்டர்தான். அதனால்தான் மேல் கீழ் விலகல் ஒரே ஒரு டயாப்டர் இருந்தாலும் ஆளைப் படுத்திவிடுகிறது.

ஐந்தாவது படி: எவ்வளவு கொடுப்பது

விலகல் பத்து என்றால் பிரிசம் பத்து என்று எழுதிவிடுவதில்லை. முழுதும் கொடுத்தால் கண் சோம்பிவிடும், சிலருக்குப் பிரிசத்தையே விழுங்கிவிட்டு மேலும் விலகும். ஷியர்டு விதி என்று ஒன்று இருக்கிறது: சேமிப்பு, விலகலைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் விலகலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள்.

சென்னிமலை அக்காவுக்குப் பக்கத்தில் வெளிப்பக்க விலகல் 10, சேமிப்பு 8. பத்தில் மூன்றில் இரண்டு 6.7, எட்டில் மூன்றில் ஒன்று 2.7. கழித்தால் 4. இந்த நான்கை மூக்குப் பக்கம் தடிப்பாக வைத்தால் விலகல் ஆறாகக் குறையும், சேமிப்பு பன்னிரண்டாக ஏறும், இரு மடங்கு கணக்குச் சரியாகிவிடும். கண்ணுக்கு இரண்டு இரண்டாகப் பிரித்தோம். தூரத்தில் அவருக்கு விலகல் 2 மட்டுமே, அங்கே ஒன்றும் தேவையில்லை. ஆகவே தறிக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி. தறிக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து வரச் சொன்னேன். படிக்கும் தூரத்துக்குக் கொடுத்த பழைய பவர் அந்த இடத்துக்குப் பொருந்தவும் இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு வழி. பக்கத்தில் கண்கள் குவியாத குறைக்கு, மூக்குப் பக்கப் பிரிசம் வைத்த படிப்புக் கண்ணாடியையும் பிரிசம் இல்லாததையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் செய்த ஆய்வு 2005இல் வந்தது. பிள்ளைகளிடம் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2008இல் வந்த இன்னொன்றில் 9 முதல் 17 வயதுள்ள 221 பேரைப் பன்னிரண்டு வாரம் பார்த்தார்கள். மருத்துவ நிலையத்தில் வாரந்தோறும் பயிற்சி எடுத்து வீட்டிலும் செய்தவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள் அல்லது முன்னேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்குவரை கொண்டுவரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம். ஆகவே உங்கள் பிள்ளைக்கு இந்தக் குறை என்றால், பிரிசத்துக்குப் பணம் கட்டுமுன் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். நாற்பதைத் தாண்டி, வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வர முடியாதவர்களுக்குப் பிரிசத்தின் பக்கம் நான் சாய்வேன்.

விலகல் இருபதை ஒட்டிப் போனால் கண்ணாடியோடு மல்லுக்கட்டாமல் அறுவைச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது.

ஆறாவது படி: லென்ஸ் அரைக்குமுன் போட்டுப் பார்ப்பது

சோதனைப் பிரேமில் அந்த அளவை வைத்துக்கொண்டு கால் மணி நேரமாவது உட்காருங்கள். புத்தகமோ செல்பேசியோ தையலோ, தொல்லை எதில் வருகிறதோ அதை எடுத்துச் செய்து பாருங்கள். அக்கா ஒரு கண்டு நூலையே மடியில் கட்டிக்கொண்டு வந்தார்.

அளவு மாறக்கூடிய குறைக்கு ஒட்டுப் பிரிசம்தான் சரி. பிரெனெல் தாள் என்பார்கள். பிரான்சில் 1820களில் கலங்கரை விளக்கத்துக்காக ஒகஸ்தீன் பிரெனெல் கண்டுபிடித்த யோசனை: பெரிய கண்ணாடியின் கனத்தை வெட்டி எறிந்துவிட்டு, சாய்வுகளை மட்டும் படிப்படியாக அடுக்குவது. கடலே இல்லாத நம் கொங்கு மண்ணுக்கு அது ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளாக வந்து சேர்ந்திருக்கிறது. லென்ஸின் அளவுக்குக் கத்தரித்து, வழுவழுப்பான பக்கத்தை லென்ஸின் உட்புறத்தோடு சேர்த்து, தண்ணீருக்குள் வைத்தே குமிழி இல்லாமல் விரலால் தடவி ஒட்ட வேண்டும். 40 வரை கிடைக்கிறது. குறை ஒன்று உண்டு, எண் ஏற ஏறப் பார்வை பனி மூட்டம் போட்டதுபோல் மங்கும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்துப் பண்ணையம் பார்க்கும் 58 வயதுப் பெரியவர். நம் ஊர் வழக்கப்படி யாரைப் பார்த்தாலும் “கண்ணு” என்றுதான் கூப்பிடுவார். “கண்ணு, எதிரே ஒரு பஸ் வந்தால் இரண்டாக வருகிறது. நான் எதற்கு ஒதுங்குவது?” என்றார். உடனே மொபெட் சாவியை மகனிடம் கொடுக்கச் சொன்னேன். வலது பக்கம் பார்த்தால் பஸ்கள் இன்னும் விலகின. பக்கத்தில் இருக்கும் செய்தித்தாள் ஒன்றாகத்தான் தெரிந்தது. மருத்துவரிடம் அனுப்பினேன். சர்க்கரை எகிறியிருந்தது, அவருக்கே தெரியாது. ஆறாவது நரம்புக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாயில் அடைப்பு. இந்த வகை பெரும்பாலும் மூன்று மாத வாக்கில் தானாகத் தெளியும். அப்படித் தெளியப் போகிற ஒன்றுக்கு விலை கொடுத்துப் பிரிசம் அரைப்பது வீண். வலது லென்ஸில் 15, காதுப் பக்கம் தடிப்பு, ஒட்டுத்தாள்.

ஏழாவது படி: சீட்டைப் படிப்பது, பிரேம் எடுப்பது

சீட்டில் பேஸ் என்று இருப்பது தடித்த பக்கத்தைக் குறிக்கும். பேஸ் இன் என்றால் தடிப்பு மூக்குப் பக்கம், பேஸ் அவுட் என்றால் காதுப் பக்கம். அப், டவுன் சொல்லாமலே புரியும். வெளியே போகும் கண்ணுக்கு இன், உள்ளே வரும் கண்ணுக்கு அவுட், மேலே ஏறும் கண்ணுக்கு டவுன். தொழிலுக்கு வந்த புதிதில் வேலை பார்த்த கடையில் நான் இன் என்பதை அவுட் என்று எழுதிவிட்டேன். தேவை 4, கிடைத்தது தலைகீழாக 4, ஆக 8 சுமை. அந்த மனிதர் மறுநாள் காலையில் கடை திறக்குமுன் வாசலில் நின்றார். சாயங்காலம் மட்டும் வந்த தொல்லையைக் காலையிலிருந்தே வர வைத்துவிட்டாயே என்றார், அதுவும் சிரித்துக்கொண்டே. அன்றிலிருந்து சீட்டில் ஒரு மூக்கு வரைந்து அம்புக்குறி போடுகிறேன். உங்கள் சீட்டிலும் அப்படி ஒன்று போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸில் ஒரு பிரிசத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்புக் கூடும். ஆகவே சிறிய பிரேம், முழுச் சட்டம். விளிம்பில்லாத பிரேம் வேண்டாம். பேஸ் இன் என்றால் தடிப்பு மூக்கில் இடிக்காத பிரேமாகப் பாருங்கள். மெல்லியதாக இருக்கும் என்று பாலிகார்பனேட் கேட்டால், எழுத்தின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகச் சாயல் தெரிய வாய்ப்பு அதிகம். பிரிசத்துக்குச் சாதாரணப் பிளாஸ்டிக் சற்றுத் தடித்தாலும் தெளிவு.

எட்டாவது படி: வாங்கும்போதும் பழகும்போதும்

பணம் கட்டுமுன், லென்ஸின் பவரையும் பிரிசத்தையும் அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தடிப்பு எந்தப் பக்கம் என்று விரலால் தடவியும் பாருங்கள். பிறகு பழைய கண்ணாடியை மேசைக்குள் போட்டுவிடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் எதற்கும் பழக்கம் வராது.

முதல் சில நாள் தரை சரிவாகவும் கதவு நிலை வளைந்தும் தெரியலாம். டீ டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கும். பழகும்வரை வண்டி ஓட்டாதீர்கள், ஏணியிலும் மொட்டைமாடிப் படியிலும் கைப்பிடியைப் பிடியுங்கள். இரண்டு வாரம் கழித்தும் தொல்லை குறையவில்லையென்றால் நீங்கள் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை, அளவைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தாலும் மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்தில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். ஒட்டுத்தாளை வெந்நீரில் கழுவக் கூடாது. அதன் வரிகளில் தூசி சேரும், மெல்லிய பிரஷ்ஷால் பச்சைத் தண்ணீரில் தேய்த்தால் போதும்.

அக்கா இப்போது இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு நெய்கிறார். பொள்ளாச்சிப் பெரியவருக்கு ஏழாவது வாரம் 15ஐ 8 ஆக்கினோம், பதினோராவது வாரம் தாளே தேவைப்படவில்லை. உரித்தெடுத்த இரண்டு தாளையும் கழுவித் துடைத்து, மாத்திரை டப்பாவில் போட்டு, “வேறு யாருக்காவது ஆகுமே, கண்ணு” என்று கொண்டுவந்து நீட்டினார். அவர் பிரேமின் அளவுக்கு வெட்டிய தாள், வேறு யாருக்கும் பொருந்தாது. வாங்கி வைத்துக்கொண்டேன்.